அத்தியாயம் 6: ஆட்கள் ஏன் நிற்கிறார்கள், ஏன் போகிறார்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் நாளில், திருப்பூர் முதலாளிகள் முதலில் பார்ப்பது பவர் டேபிள் லைனைத்தான். எத்தனை மிஷின் ஓடுகிறது, எத்தனை மிஷின் மூடிக் கிடக்கிறது? போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பியிருக்க மாட்டார்கள். சிலர் பக்கத்துத் தெருவில் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார்கள். 'இந்தக் காலத்தில் யாருக்கும் விசுவாசம் இல்லை' என்று சொல்லிவிட்டு, கேட்டில் 'டெய்லர்கள் தேவை' பலகையை மாட்டுவது எளிது. ஆனால் ஏறக்குறைய அதே சம்பளம் கொடுக்கும் இன்னொரு கம்பெனியில் பல வருடமாக அதே முகங்கள் உட்கார்ந்திருப்பதையும் நாம் பார்க்கிறோம். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை உங்கள் கம்பெனியில் எப்படி உண்டாக்குவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

50 முதல் 150 பேர் வரை வேலை செய்யும் பின்னலாடை யூனிட்டை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். கோவையின் பம்ப் பட்டறைக்கும், சிவகாசி அச்சகத்துக்கும், ஒரு ஜவுளிக்கடைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அத்தியாயம் முழுவதும் ஓடும் கருத்து இது: வேலை செய்பவர் கைக்கு வரும் தொகையோடு, அந்தத் தொகை எப்படி முடிவானது, யார் முடிவு செய்தார்கள், தன்னிடம் எப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறார். நியாயம் கண்ணுக்குத் தெரிகிற கம்பெனியில் ஆட்கள் நிற்கிறார்கள்.

1. திருப்தி, ஈடுபாடு, நடத்தை: மூன்றும் வேறு

திருப்தி என்பது இன்றைய வேலை பிடித்திருக்கிறதா என்ற உணர்வு. ஈடுபாடு என்பது இந்தக் கம்பெனியோடு இருக்க வேண்டும் என்ற பற்று. நடத்தை என்பது நாம் கண்ணால் காண்பது: நேரத்துக்கு வருவது, லீவு எடுப்பது, பழுதான பீஸை ஒதுக்கி வைப்பது அல்லது கண்டும் காணாமல் அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடுவது.

கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். விரும்பி நிற்பது ஒன்று. போனால் நஷ்டம் என்பதால் நிற்பது இன்னொன்று. விட்டுப் போவது முறையல்ல என்ற கடமையுணர்வால் நிற்பது மூன்றாவது. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும் பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அட்வான்ஸ் கழியும்வரை அவர் வருவார். ஆனால் வேலையில் மனசு இருக்காது. கழிந்த வாரமே அடுத்த இடத்தில் அட்வான்ஸ் கேட்பார். கடனால் கட்டி வைப்பதை ஈடுபாடு என்று எண்ணி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

மனம் கசந்தவர் என்ன செய்வார்? பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட தம் நூலில் இரண்டு வழிகளைச் சொன்னார்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. பற்று இருப்பவர் வெளியேறும் முன் குரல் கொடுத்துப் பார்ப்பார் என்றார். பின்னால் வந்தவர்கள் இன்னொரு வழியைச் சேர்த்தார்கள்: இருந்துகொண்டே அசட்டையாக இருப்பது. லைனில் அதன் அடையாளங்கள் தெளிவானவை. ஆல்டர் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியவை) கூடும். டீ டைம் நீளும். திங்கட்கிழமை லீவு அதிகமாகும். முன்பெல்லாம் 'இந்த நூல் அறுந்துகொண்டே இருக்குங்க' என்று சொன்னவர் இப்போது ஒன்றும் சொல்ல மாட்டார். குறை சொல்கிறவர் இன்னும் உங்களை நம்புகிறார். குறை சொல்லிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

2. சம்பளம்: தொகை, ஒப்பீடு, நாள்

தொகை குறைந்தால் மற்ற எதுவும் எடுபடாது. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, குறைந்தது 8.33 சதவீத போனஸ் இவையெல்லாம் தரைமட்டம். சலுகை என்ற பேச்சே அதற்கு மேல்தான் தொடங்கும்.

அடுத்தது ஒப்பீடு. எமிலி பிரீசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தசானி ஆகிய ஆய்வாளர்கள் ஒடிசாவில் 378 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. மூன்று மூன்று பேராகக் குழு அமைத்து ஒரு மாதம் வேலை கொடுத்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. மற்றவற்றில் ஆளுக்கு ஒரு கூலி. பக்கத்தில் இருப்பவரைவிடக் குறைவாக வாங்கியவர்களின் உற்பத்தி இறங்கியது. பலர் வேலைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். அதே தொகையைச் சமமான கூலி உள்ள குழுவில் வாங்கியவர்களுக்கு அப்படி நேரவில்லை. யார் அதிகம் செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியான வேலைகளில் கூலி வித்தியாசம் யாரையும் பெரிதாகப் பாதிக்கவில்லை. வித்தியாசத்துக்குக் காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். தெரியாவிட்டால் தன் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று விலகுகிறார்கள்.

மூன்றாவது, சம்பளம் கொடுக்கும் நாள். அதே ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்குச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். அவர்கள் வேகமாகத் தைத்தார்கள், தவறுகளும் குறைந்தன. மளிகைக்கடைப் பாக்கியும் வட்டிக்காரரின் முகமும் மனதில் ஓடிக்கொண்டிருந்தால் கை எப்படி ஒழுங்காகப் போகும்? சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளும்போது உங்கள் கையில் பணம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கிறது. அதற்கான விலையை அடுத்த வாரத்தின் ஆல்டர் பீஸில் கொடுக்கிறீர்கள்.

செய்ய வேண்டியவை:

- புதிய ஸ்டைல் லைனில் ஏறும் முன்பே பீஸ் ரேட்டை எழுதி ஒட்டுங்கள். பாதி ஓடிய பிறகு ரேட் பேசுவதை நிறுத்துங்கள்.
- ஷிப்ட் சம்பளத்தில் ஏ, பி, சி என்று தரம் இருந்தால், ஒவ்வொரு தரத்துக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். 'அவருக்கு மட்டும் ஏன் கூட?' என்ற கேள்விக்குச் சுவரிலேயே பதில் இருக்கட்டும்.
- வாரச் சீட்டில் எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், எவ்வளவு பிடித்தம் என்று தெளிவாகப் போடுங்கள். ஈஎஸ்ஐ-க்கு அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம். இரண்டையும் காட்டுங்கள். பிஎஃப் கணக்கைத் தன் செல்போனிலேயே பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பிடித்தம் எங்கோ போய்விட்டது என்ற சந்தேகம் அப்போதுதான் தீரும்.
- சம்பள நாள் தவறவே கூடாது. தவிர்க்க முடியாமல் தவறினால், நீங்களே லைனுக்கு வந்து முதல் நாளே சொல்லுங்கள்.

3. கெட்ட செய்தியைச் சொல்லும் முறை

ஆர்டர் ரத்தாகும். நூல் விலை ஏறும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறையும். இந்த நேரத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் பல ஆண்டுகள் நினைவில் நிற்கும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு முதலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் ஆர்டர் இழந்ததால் 10 வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளத்தைக் குறைத்தன. ஓர் ஆலையில் நிர்வாகி சுமார் ஒன்றரை மணி நேரம் கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டார்கள். சம்பளம் குறைக்காத மூன்றாவது ஆலையில் ஊழியர் திருட்டு கூடவில்லை. குறைத்த இரண்டிலும் கூடியது. ஆனால் விளக்கம் சொல்லாத ஆலையில்தான் மிக அதிகம். வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். இரண்டு ஆலையிலும் வெட்டியது ஒரே 15 சதவீதம். மாறியது சொன்ன விதம் மட்டுமே.

அப்படி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டி வந்தால் இந்த வரிசையில் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். அது அவர்களை எப்படிப் பாதிக்கும், எத்தனை வாரம் என்பதை அடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு நீங்கள் எதைக் குறைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். கடைசியாக, மீண்டும் எந்தத் தேதியில் நிலைமையைச் சொல்வேன் என்று குறிப்பிட்டு, அந்தத் தேதியில் தவறாமல் வந்து நில்லுங்கள். சொல்லும் செய்தி மோசமாகவே இருந்தாலும் அன்று வர வேண்டும்.

4. சூப்பர்வைசரின் நாக்கு

தொழிலாளிக்குக் கம்பெனி என்றால் முதலாளியோ போர்டில் எழுதிய பெயரோ இல்லை. பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர்தான். நல்ல டெய்லராக இருந்தவரைச் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். ஆட்களிடம் பேசக் கற்றுக்கொடுப்பதில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியை நீங்கள் அவர் தலையில் வைக்கிறீர்கள். அவர் அதை அப்படியே லைனில் இறக்கிவிடுகிறார்.

ஸ்லீவ் மாறித் தைத்த ஒரு பண்டில் வந்திருக்கிறது. ஒருவர் இப்படிக் கேட்கிறார்: "கண்ணு எங்க வச்சிருந்த? ஒழுங்காத் தைக்கத் தெரியலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

இன்னொருவர் இப்படிக் கேட்கிறார்: "அக்கா, இந்த பண்டில்ல ஸ்லீவ் மாறிடுச்சுங்க. சைஸ் ஸ்டிக்கர் சரியா இருந்துச்சுங்களா, இல்ல கட்டிங்கிலேயே மாறி வந்துச்சுங்களா? வாங்க, பார்த்துடலாம்."

இரண்டிலும் பீஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். முதல் சூப்பர்வைசரின் லைனில் அடுத்த முறை தப்பு மறைக்கப்படும். இரண்டாவதில் கட்டிங்கில் உள்ள கோளாறு வெளியே வரும். மரியாதை உங்கள் தரக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி என்று சூப்பர்வைசருக்குப் புரிய வையுங்கள்.

மூன்று விதிகள் போதும். வயது எதுவானாலும், எந்த மாநிலத்தவரானாலும், 'வாங்க, போங்க' என்றே பேச வேண்டும். பாராட்டை எல்லோர் முன்னும், கண்டிப்பைத் தனியாகவும் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரின் மதிப்பீட்டில் உற்பத்தி எண்ணிக்கையோடு, அவர் லைனில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும்.

பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் துறை இது. பத்துப் பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழு உறுப்பினர்களின் பெயரும் செல்போன் எண்ணும் பெண்கள் ஓய்வறைக்குள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்தவரை வேறு லைனுக்கு மாற்றிவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தால், அன்றே மற்ற எல்லாப் பெண்களின் நம்பிக்கையையும் இழந்துவிடுகிறீர்கள்.

5. வேலைக்குள் இருக்கும் நிறைவு

உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கின் குழு 1959-இல் வெளியிட்ட ஆய்வு, பிட்ஸ்பர்க் நகரில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டு எழுதப்பட்டது. மனம் கசக்க வைத்தவை பெரும்பாலும் நிர்வாக விதிகளும் மேற்பார்வையும் வேலைச் சூழலும்தான். மகிழ்ச்சி தந்தவை சாதித்த உணர்வு, அங்கீகாரம், வேலையின் தன்மை. ஃபேன் போட்டால் புழுக்கம் போகும். செய்யும் வேலையில் பெருமிதம் வர வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டை 1970-களில் ஹாக்மன், ஓல்டாம் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்தாக வகுத்தார்கள்: பலவகைத் திறமை, ஒரு வேலையை முழுதாகச் செய்வது, அது யாருக்கோ பயன்படுகிறது என்ற அறிவு, சொந்தமாக முடிவெடுக்கும் இடம், எப்படிச் செய்தோம் என்ற தகவல். நாள் முழுக்க அடிமடிப்பு மட்டும் அடிப்பவருக்கு இவை எப்படிக் கிடைக்கும்? சில எளிய வழிகள்:

- முடிந்த பீஸ் ஒன்றை ஒவ்வொரு லைனின் தலையிலும் தொங்கவிடுங்கள். எந்த நாட்டுக்கு, எந்தக் கடைக்குப் போகிறது, எந்த வயதுக் குழந்தை போடும் என்று சொல்லுங்கள்.
- ஓவர்லாக் மட்டும் தெரிந்தவருக்கு ஃபிளாட்லாக்கும் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொண்டதும் தரத்தை உயர்த்துங்கள். உயர்த்தாவிட்டால் அடுத்தவர் கற்க வர மாட்டார்.
- மணிக்கணக்கு போர்டில் குறைந்த எண்ணிக்கையை மட்டும் சிவப்பில் எழுதாதீர்கள். முதல் தரமாகத் தேறிய பீஸ் எத்தனை என்பதையும் எழுதுங்கள்.
- மிஷின்களின் வரிசை, பண்டில் வைக்கும் இடம் போன்றவற்றை லைனில் உள்ளவர்களே மாற்றிப் பார்க்கட்டும்.

6. உடம்பும் வீடும்

ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே அயர்னிங் டேபிளில் நிற்பவரிடம் ஈடுபாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெப்பத்தைக் குறையுங்கள். பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் மின்செலவைக் குறைக்க எல்இடி விளக்குகள் பொருத்தினார்கள். அவை குறைவான வெப்பம் வெளியிட்டதால் வெயில் கடுமையான நாட்களில் உற்பத்தி சரிவதும் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். குடிநீர், சுத்தமான கழிப்பறை, போக அனுமதி கேட்க வேண்டாத நிலை, முதுகு சாயும் நாற்காலி இவற்றின் செலவு சிறியது. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்துகிற கம்பெனியில் வேறு எந்தத் திட்டமும் பலிக்காது.

வீட்டு நிலையும் வேலைக்குள் வரும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் சட்டப்படியே கட்டாயம்; அது நன்றாக நடந்தால் பிரசவத்துக்குப் பின் வேலையை விடும் தேர்ந்த டெய்லர்கள் திரும்பி வருவார்கள். ஊரில் மாரியம்மன் நோம்பி எப்போது, பள்ளித் தேர்வு எப்போது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்தால், சொல்லாமல் எடுக்கும் லீவு சொல்லி எடுக்கும் லீவாக மாறும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கு ரயில் பயணமே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். நான்கு நாள் லீவு கொடுத்தால் அவர்கள் திரும்பாமல் இருப்பதில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஒரு முறை நீண்ட லீவு, திரும்பும் டிக்கெட்டுக்கு உதவி, அதே மிஷின் காத்திருக்கும் என்ற உறுதி ஆகிய மூன்றும் அவர்களைத் திரும்ப அழைத்துவரும்.

7. குரலுக்கு வழி

இந்திய ஆடைத் தொழிற்சாலைகளில் 2016-இல் ஒரு சோதனை நடந்தது. எதிர்பார்த்ததைவிடச் சம்பள உயர்வு குறைவாக அமைந்த நேரம். தேர்ந்தெடுத்த சில தொழிலாளர்களிடம் மட்டும் சம்பளம், சூப்பர்வைசர், வேலைச்சூழல் பற்றிப் பெயர் சொல்லாமல் கருத்துக் கேட்டார்கள். கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்களில் வேலையை விட்டவர்கள் குறைந்தார்கள், லீவும் குறைந்தது. அதிக ஏமாற்றம் அடைந்தவர்களிடம்தான் இந்தப் பலன் மிகுதியாகத் தெரிந்தது.

ஆனால் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் கேட்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். அதனால் இப்படி நடத்துங்கள். மாதம் ஒரு முறை, வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, லைனுக்கு இரண்டு பேர் வீதம் கூட்டம். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்தியோ ஒடியாவோ பேசுபவர்களுக்கு அவர்களில் ஒருவரே மொழிபெயர்க்கட்டும். வந்த குறைகளை மூன்று பத்தியாக எழுதி ஒட்டுங்கள்: செய்தாகிவிட்டது, இந்தத் தேதிக்குள் செய்வோம், இந்தக் காரணத்தால் முடியாது. மூன்றாவது பத்தியை ஒளிக்காதீர்கள். காரணத்தோடு சொல்லும் 'முடியாது' கூட மரியாதைதான்.

8. அளந்து பாருங்கள்

ஒரு நோட்டுப் போதும். மாதம் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், எந்த லைன், சேர்ந்து எத்தனை நாள், என்ன காரணம். விலகியவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 80 பேர் உள்ள யூனிட்டில் மாதம் 6 பேர் விலகினால் அது 7.5 சதவீதம். சிறிதாகத் தெரியும். ஆண்டு முழுக்க அதே வேகம் என்றால் 72 பேர். கிட்டத்தட்ட யூனிட்டையே ஒரு முறை புதிதாக நிரப்புகிறீர்கள். ஒவ்வொரு புதிய ஆளுக்கும் ஏஜென்ட் கமிஷன், பழகும்வரை குறையும் உற்பத்தி, கூடும் ஆல்டர், தாமதமான ஷிப்மென்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சம்பள உயர்வுக்கு 'கட்டுப்படியாகாது' என்று சொன்ன தொகையோடு அதை ஒப்பிடுங்கள்.

நோட்டைப் புரட்டினால் இரண்டு விஷயம் தெரியும். ஒரே லைனில் விலகல் குவிந்தால் அங்குள்ள சூப்பர்வைசரைக் கவனியுங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே பலர் போனால், சேர்க்கும்போது சொன்னதற்கும் உள்ளே நடப்பதற்கும் இடைவெளி இருக்கிறது. முதல் வாரத்தில் புதியவருக்குத் துணையாக ஒரு பழையவரை நியமியுங்கள். அவருக்குச் சிறு தொகையும் கொடுங்கள்.

போகிறவரிடம் காரணம் கேட்பதைவிட, இருப்பவரிடம் கேட்பது பயன் தரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசுங்கள்: எந்த நாள் வேலை பிடித்திருந்தது? எந்த நாள் போய்விடலாம் என்று தோன்றியது? நான் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றட்டும்?

இந்த மாதம் தொடங்குங்கள்

முதல் வாரம்: பீஸ் ரேட், தரப் பட்டியல் இரண்டையும் எழுதி ஒட்டுங்கள்.
இரண்டாம் வாரம்: சூப்பர்வைசர்களோடு உட்கார்ந்து மூன்று விதிகளைப் பேசுங்கள். நீங்களும் அவர்களிடம் அதே விதிகளின்படி நடங்கள்.
மூன்றாம் வாரம்: முதல் கூட்டத்தை நடத்துங்கள். சின்னதாக ஒரு குறையையாவது அந்த வாரமே தீர்த்துக் காட்டுங்கள்.
நான்காம் வாரம்: விலகல் நோட்டைத் தொடங்குங்கள். கடந்த ஆறு மாதத்தை நினைவிலிருந்து எழுதி நிரப்புங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. தேவைப்படுவது, கணக்கை மறைக்காமல் காட்டும் துணிவும், சொன்ன தேதியைக் காக்கும் ஒழுங்கும். இரண்டும் முதலாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் தொழிலாளியிடம் எதிர்பார்க்கும் ஒவ்வொரு குணத்தையும் அவர் முதலில் உங்களிடம் தேடிப் பார்க்கிறார். அங்கே அது இருந்தால் அவர் நிற்பார்.